பிள்ளையின் ஏடு யாருடைய அமானிதம்?

பெற்ற பிள்ளையின் கல்வி நிலையை அறிந்துகொள்ளப் பெற்றோர் அந்தப் பிள்ளையிடமே அனுமதி பெற வேண்டுமா? நம் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் இப்படிக் கேட்டால், அவர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். நம்மிடையே வழக்கம் வேறு. பள்ளிக்கூடத்திலிருந்து மதிப்பெண் அட்டை வந்தால் அதில் வாப்பா கையொப்பமிட வேண்டும். வாப்பா பிழைப்புக்காகக் கடல் கடந்து சென்றிருந்தால் உம்மாவோ, பாட்டனாரோ, தாய்மாமனோ இடுவார்கள். பிள்ளையின் வெற்றியும் தோல்வியும் குடும்பத்தின் சொத்து என்பது நாம் தலைமுறை தலைமுறையாகக் கொண்டுள்ள எண்ணம்.

அமெரிக்க நாட்டில் குடியேறி வாழும் நம் குடும்பங்கள் சில, இந்த எண்ணத்தோடு அங்குள்ள கல்லூரி அலுவலகங்களின் கதவைத் தட்டித் திகைத்து நிற்கின்றன. அந்தத் திகைப்பு நம் குடும்பத்துக்குள்ளும் வந்தது. ஆகவே இப்பொருளைச் சற்று விரிவாக ஆராய விழைகின்றோம்.

முதலில் அந்நாட்டுக் கல்வி முறையைப் பற்றி ஓரிரு சொற்கள். அங்கே ஈராண்டுப் படிப்பு தரும் சமுதாயக் கல்லூரிகள் என்னும் நிலையங்கள் உண்டு. இல்லினாய் மாநிலத்தில் 1901ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஜோலியட் கல்லூரியே அரசு சார்ந்த இத்தகைய கல்லூரிகளுள் மிகப் பழமையானது என்பர். செலவு குறைவு, வீட்டிலிருந்தே சென்று வரலாம், ஈராண்டு முடித்தபின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து பட்டம் பெறலாம். நடுத்தரக் குடும்பங்களுக்கும் குடியேறியவர்களுக்கும் இவை பெரும் நிஃமத்தாகும்.

உயர்நிலைப் பள்ளியில் பயிலும் பிள்ளைகளே, பள்ளியை விடாமல், இக்கல்லூரிகளில் பாடம் படிக்கும் ஏற்பாடும் பல மாநிலங்களில் இருக்கின்றது. மின்னசோட்டா மாநிலம் 1985ஆம் ஆண்டில் இதற்கு வழி திறந்தது. பசிபிக் கரையிலுள்ள வாஷிங்டன் மாநிலம் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே 'ரன்னிங் ஸ்டார்ட்' என்ற பெயரில் இதனை ஏற்படுத்தியது. 11, 12ஆம் வகுப்பு மாணவர்கள் பயிற்சிக் கட்டணம் செலுத்தாமல் கல்லூரிப் பாடங்களைப் படிக்கலாம். நூல்களுக்கும் வேறு சில கட்டணங்களுக்கும் மட்டுமே குடும்பம் பொறுப்பு. பெறும் மதிப்பெண் பள்ளி ஏட்டிலும் ஏறும்; கல்லூரி ஏட்டிலும் ஏறும். 16 வயதில் எழுதப்படும் அந்த எழுத்து, பிற்காலத்தில் அப்பிள்ளை எந்தப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தாலும் கூடவே வரும்.

இனி, திகைப்புக்குக் காரணமான சட்டத்துக்கு வருவோம். 'குடும்பக் கல்வி உரிமைகள் மற்றும் அந்தரங்கச் சட்டம்' என்பது அதன் பெயர். ஆங்கில முதலெழுத்துக்களைச் சேர்த்து 'ஃபெர்பா' என்று சுருக்கமாகக் கூறுவர். நியூயார்க் செனட்டர் ஜேம்ஸ் பக்லி முன்மொழிந்த இச்சட்டத்தில் அதிபர் ஜெரால்டு ஃபோர்டு 1974 ஆகஸ்ட் 21 அன்று கையொப்பமிட்டார்.

இதில் வியப்பான செய்தி ஒன்றுண்டு. இச்சட்டம் முதன்மையாகப் பெற்றோருக்காகவே பிறந்தது. பள்ளிகள் பிள்ளைகளைப் பற்றி எழுதி வைத்த குறிப்புகளைப் பெற்றோர் பார்க்க இயலாமலும், அவையே வெளியார் கைகளுக்குப் போய்ச் சேர்வதுமாக ஒரு நிலைமை அந்நாட்டில் இருந்தது. அதனை மாற்றி, கேட்ட 45 நாட்களுக்குள் பெற்றோருக்கு ஏட்டைக் காட்ட வேண்டும், தவறிருந்தால் திருத்தக் கோரலாம், அனுமதியின்றிப் பிறருக்குக் கொடுத்தலாகாது என்று சட்டம் விதித்தது. ஆனால் அந்த உரிமை என்றென்றைக்கும் பெற்றோரிடம் இராது. பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும் அது பிள்ளையின் கைக்கு மாறும். அல்லது, உயர்கல்வி நிலையத்தில் பயிலத் தொடங்கியதும் மாறும். அப்போது வயது என்னவென்று சட்டம் பார்ப்பதில்லை. 16 வயதுச் சிறுமியாயினும், கல்லூரி ஏட்டைப் பொறுத்தமட்டில் அவளே உரிமைக்காரி. அதே சிறுமியின் பள்ளி ஏட்டுக்கு அவளுடைய பெற்றோர் உரிமையாளர்கள். ஒரே பிள்ளை, காலையில் ஒரு வாசல், மாலையில் மற்றொரு வாசல், இரண்டுக்கும் இரண்டு சட்டம்.

இது ஏட்டளவில் படிக்கும்போது விந்தையாக இருக்கும். வீட்டுக்குள் வந்தால் கண்ணீராக மாறும்.

நம் இளைய சகோதரி வாஷிங்டன் மாநிலத்தில் தம் கணவருடன் வசிக்கின்றார். அவருடைய மகள் 11ஆம் வகுப்பில் பயிலும்போதே மேற்சொன்ன திட்டத்தில் சமுதாயக் கல்லூரிக்குச் செல்லலானாள். முதற்பருவம் நன்றாகவே கழிந்தது. குளிர்காலப் பருவத்தில் பிள்ளையின் முகம் வாடியது. மேசையில் எல்லோருடனும் அமர்ந்து உண்பதைத் தவிர்த்தாள். கேட்டால் "ஒன்றுமில்லை" என்றாள். தாயின் மனம் பொறுக்குமா? கல்லூரி அலுவலகத்தைத் தொடர்பு கொண்டு மகளின் நிலையைக் கேட்டார். அங்கிருந்தவர் மரியாதையாகவே பதிலளித்தாராம்: மாணவியின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் எதுவும் கூற இயலாது.

அன்றிரவு சகோதரி நம்மைத் தொலைபேசியில் அழைத்தார்.

"காக்கா, பத்து மாதம் சுமந்து பெற்றவள் நான். புத்தகத்துக்குப் பணம் கட்டுவது அவளுடைய வாப்பா. பள்ளிக்கூடச் சுற்றுலா போவதென்றாலும் கையொப்பம் போடுவது நாங்கள்தான். அவளுக்கு இன்னும் வாக்குரிமைகூட இல்லை. ஆனால் அவள் மார்க்கைக் கேட்டால், அவளிடமே சீட்டு வாங்கி வா என்கிறார்கள். இது என்ன நியாயம்?"

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. பொறுப்பைப் பெற்றோரின் தலையில் வைத்துவிட்டு, அறிவதற்கான வழியை மட்டும் அடைத்தால் எந்தத் தாய்க்கும் வேதனைதான். சகோதரியை அமைதிப்படுத்திவிட்டு, பிள்ளையுடன் தனியே பேசுவதாகக் கூறினோம்.

மறுநாள் பிள்ளை பேசினாள். நெடுநேரம் ஊர்க்கதை கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மாமா, கெமிஸ்ட்ரியை நடுவிலேயே விட்டுவிட்டேன். விட்டதற்கு அடையாளமாக ஓர் எழுத்துப் போட்டுவிட்டார்கள். அது அழியாதாம். உம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்" என்றாள். ஏன் மறைத்தாய் என்று கேட்டோம். "வாப்பா எல்லோரிடமும் என் மகள் டாக்டருக்குப் படிக்கப் போகிறாள் என்று சொல்லிவிட்டார்கள். ஊரில் உம்மும்மாவும் தொழுகைக்குத் தொழுகை துஆ கேட்கிறார்கள். நான் எப்படிச் சொல்வேன்?" என்று அழுதாள்.

ஒருவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நம்மிடம் கூறும் பேச்சும் அமானிதத்தைச் சேர்ந்தது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. மாணவர்களுக்கு அதனை ஆண்டுதோறும் ஓதிக்கொடுக்கின்றோம். இப்போது அது நம் மடியிலேயே வந்து விழுந்தது. பிள்ளையிடம் இரண்டு சொன்னோம்: அவளுடைய பேச்சை நாமாக வெளியிடமாட்டோம், ஆனால் கேட்டால் பொய்யும் சொல்லமாட்டோம். ஆதலால் ஒரு வாரத்துக்குள் அவளே தன் தாயிடம் கூறிவிடுவது நலம் என்றோம். அவள் சரியென்றாள்.

இரண்டு நாட்கள் கழித்துச் சகோதரி அழைத்தார். "உங்களிடம் ஏதும் சொன்னாளா காக்கா?"

"சொன்னாள். உயிருக்கோ மானத்துக்கோ கேடான செய்தி ஒன்றுமில்லை. மற்றதை அவள் வாயால் நீ கேட்பதுதான் முறை" என்றோம்.

சகோதரி மறுமொழி கூறாமல் தொலைபேசியை வைத்துவிட்டார். நம் உடன்பிறப்பு, கைக்குழந்தையாக நாம் தூக்கி வளர்த்தவர், அவர் கேட்டதை நாம் கொடுக்கவில்லை. பல்லாயிரம் மைலுக்கு அப்பால் பெயர் தெரியாத ஓர் அலுவலக ஊழியர் எந்த இடத்தில் நின்றாரோ, அதே இடத்தில் நாமும் நிற்பதை அப்போது உணர்ந்தோம். அவரைத் தடுத்தது அரசாங்கச் சட்டம். நம்மைத் தடுத்தது அமானிதம். அந்த நான்கைந்து நாட்கள் நமக்கு எளிதாக இருக்கவில்லை.

வார இறுதியில் பிள்ளை தானே ஏட்டைத் திறந்து தாய்க்குக் காட்டினாள். தாய் அழுதது கெமிஸ்ட்ரிக்காக அன்று. தம்மிடம் கூறுமுன் மாமனிடம் கூறினாளே என்பதற்காக. தந்தை ஏதும் பேசாமல் வெளியே சென்று, ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, "டாக்டர் என்று சொன்னது நான். நீ சொன்னாயா என்று ஒரு நாளும் கேட்கவில்லையே" என்றாராம். பிறகு மூவரும் அமர்ந்து கல்லூரியின் சம்மதப் படிவத்தை நிரப்பினர். எந்த ஏடு, எவருக்கு, எந்த நோக்கத்துக்கு என்று குறிப்பிட்டுத் தேதியிட்டுக் கையொப்பமிட வேண்டுமென்பது சட்டம். மதிப்பெண்ணும் பாடப் பதிவும் உம்மாவும் வாப்பாவும் பார்க்கலாம்; கல்லூரி ஆலோசகரிடம் தான் பேசுவது வேண்டாம் என்று பிள்ளை கேட்டுக்கொண்டாள். பெற்றோர் இசைந்தனர்.

இந்நிகழ்ச்சிக்குப் பின் நம் கிதாபுகளை மீண்டும் புரட்டிப் பார்த்தோம். பிள்ளை எப்போது தன் காரியத்துக்குத் தானே உரியவனாகின்றான் என்ற வினா நம் ஃபிக்ஹுக்குப் புதிதன்று. பாலிகு ஆவது ஒன்று. ருஷ்து எனும் விவேகம் வாய்ப்பது மற்றொன்று. வேறு அடையாளம் தோன்றாவிடில் 15 வயதில் பாலிகு என்பது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் முடிவு. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் ஆணுக்கு 18 என்றும் பெண்ணுக்கு 17 என்றும் கூறினார்கள். ஆனால் சொத்தை ஒப்படைக்க வயது மட்டும் போதாது. அநாதைகளைச் சோதித்துப் பார்த்து, விவேகத்தைக் கண்டபின் அவர்களின் பொருளை அவர்களிடம் ஒப்படைக்குமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 6ஆம் வசனம் பணிக்கின்றது.

அந்தச் சோதனை எப்படி நடைபெற வேண்டும்? இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் 'மின்ஹாஜ்' என்னும் நூலில் அழகாக விளக்குகின்றார்கள். வணிகரின் மகனை விற்றல் வாங்கலிலும் பேரம் பேசுவதிலும் விட்டுப் பார்க்க வேண்டும்; உழவரின் மகனைப் பயிர்த்தொழிலில் விட்டுப் பார்க்க வேண்டும். மேலும், இச்சோதனையைப் பாலிகு ஆவதற்கு முன்னரே நடத்த வேண்டும் என்பதே வலுவான கருத்து. கடைத்தெருவில் பிறந்து வளர்ந்த நம் மக்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. கல்லாப்பெட்டியின் சாவியை ஒரே நாளில் எவரும் மகனிடம் கொடுப்பதில்லை. முதலில் சில்லறை, பிறகு சரக்கு, பிறகு பற்றுவரவுக் கணக்கு, அதன்பின்னரே சாவி.

அமெரிக்கச் சட்டம் சாவியைக் கல்லூரி வாசலில் வைத்து ஒரே நாளில் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுகின்றது. சட்டத்தைக் குறை கூறிப் பயனில்லை. கோடிக்கணக்கான மக்களுக்கு விதி வகுப்போர் எங்கேனும் ஒரு கோடு கிழித்தே ஆக வேண்டும். ஒவ்வொரு பிள்ளையின் ருஷ்தையும் சோதிக்கும் பொறுப்பு அரசாங்கத்துடையதன்று, அது வீட்டாருடையது. வாசலுக்குப் போகுமுன் வீட்டில் சில்லறை கொடுத்துப் பழக்கினோமா என்பதே நாம் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா.

அந்தரங்கத்தைப் பேணுதல் மேல்நாட்டாரின் கண்டுபிடிப்பு என்று எண்ணுவோரும் நம்மிடையே உளர். அந்நூர் அத்தியாயத்தின் 58, 59ஆம் வசனங்களை அவர்கள் நினைவு கூர வேண்டும். வைகறைத் தொழுகைக்கு முன்னும், நண்பகல் ஓய்வின்போதும், இஷாவுக்குப் பின்னும் சிறுவர்கள்கூடப் பெற்றோரின் அறைக்குள் அனுமதி கேட்டே நுழைய வேண்டும். பருவமடைந்தபின் எந்நேரமும் கேட்டே நுழைய வேண்டும். ஒரே கூரையின்கீழ், ஒரே குடும்பத்துக்குள், கதவுக்கு மரியாதை கற்பித்த மார்க்கம் இது. துருவி ஆராய்வதை அல்ஹுஜுராத் அத்தியாயம் தடுத்துள்ளது. பிள்ளை உறங்கும்போது அதன் கைப்பேசியைத் திறந்து பார்ப்பதும், கடவுச் சொல்லைக் களவாகப் பெற்றுக் கல்லூரிக் கணக்கினுள் நுழைவதும் வளர்ப்பு முறையாகா. அவ்வழியில் மதிப்பெண் தெரியவரலாம், பிள்ளை தெரியவரமாட்டாள்.

நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் வரலாற்றை ஹஜ்ஜுப் பெருநாள் தோறும் கேட்கின்றோம். இறைக்கட்டளை கனவில் வந்துவிட்டது. ஆயினும் அந்தத் தந்தை மகனை அழைத்துச் செய்தியைக் கூறி, அவருடைய கருத்து என்னவென்று கேட்டார்கள். மகனும் மனமுவந்து இசைந்தார்கள். கட்டளைக்கே கட்டுப்பட்ட காரியத்தில் மகனின் கருத்தைக் கேட்ட தந்தையின் வழிவந்தவர்கள் நாம். எந்தப் படிப்பு என்று முடிவு செய்யும்போதேனும் நம் பிள்ளைகளைக் கேட்கின்றோமா?

இவ்வளவும் கூறியதால் பெற்றோர் வெளியே நிற்க வேண்டும் என்பது பொருளன்று. சட்டமே திறந்து வைத்துள்ள வழிகளை அங்குள்ள குடும்பங்கள் அறிந்திருத்தல் அவசியம். முதலாவது, பிள்ளையின் எழுத்து மூலமான சம்மதம். இரண்டாவது, வருமான வரிச் சட்டப்படி பிள்ளை பெற்றோரைச் சார்ந்தவராக இருப்பின், சம்மதம் இல்லாமலும் கல்லூரி ஏட்டைக் காட்டலாம். 'காட்டலாம்' என்றே சட்டம் கூறுகின்றது. 'காட்டியே ஆக வேண்டும்' என்று கூறவில்லை. ஆகவே கல்லூரிக்குக் கல்லூரி வழக்கம் மாறும். மூன்றாவது, 18 வயது நிறையாத பிள்ளை பள்ளியிலும் பயின்று வருமாயின், கல்லூரியிலிருந்து பள்ளிக்கு வந்து சேரும் குறிப்புகளைப் பள்ளியில் கேட்டுப் பெறப் பெற்றோருக்கு உரிமை உண்டு. நான்காவது, பிள்ளையின் உடல்நலத்துக்கோ உயிருக்கோ ஆபத்து நேருமென்றால் கல்லூரி பெற்றோருக்குத் தெரிவிக்கலாம். 21 வயதுக்குட்பட்ட மாணவர் மது, போதைப் பொருள் விதிகளை மீறினால் தெரிவிக்கவும் 1998ஆம் ஆண்டுத் திருத்தம் இடமளிக்கின்றது. கேடு நேரும் இடத்தில் இரகசியம் காக்க வேண்டியதில்லை என்பது நம் உலமாப் பெருமக்களும் கூறிய விதியே.

நம் கருத்தில் இவற்றுள் முதல் வழியே சிறந்தது. மற்ற மூன்றும் பிள்ளையைச் சுற்றிக்கொண்டு போகும் வழிகள். இது பிள்ளையின் ஊடாகப் போகும் வழி. கல்லூரியில் சேரும் வாரத்திலேயே, முகம் மலர்ந்திருக்கும்போதே, இதனைப் பேசிக்கொள்ளுதல் நன்று. எதை நாங்கள் பார்க்கலாம், எதை நீ உன்னிடம் வைத்துக்கொள்கிறாய் என்று கேட்க வேண்டும். பிள்ளை வரைந்த எல்லையை மதிக்க வேண்டும். தோல்வி நேர்ந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்பதைப் பிள்ளை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். கூச்சலும் ஒப்பீடும் வராது என்ற நம்பிக்கை இருந்தால் மறைப்பதற்குத் தேவை இராது.

பிள்ளைகளுக்கும் ஒரு சொல். சட்டம் உங்கள் கையில் ஓர் உரிமையைக் கொடுத்திருக்கலாம். அதனைப் பெற்றோரின் முகத்துக்கு நேரே கதவடைப்பதற்குப் பயன்படுத்தாதீர்கள். நீங்கள் மறைக்கும் ஓர் எழுத்து உங்கள் உம்மாவின் பல இரவுத் தூக்கத்தைக் கொண்டுபோகின்றது. கேளாமலே சென்று கூறுங்கள். ஏடு உங்களுடையதாக இருக்கலாம். அந்த ஏட்டை நீங்கள் அடைவதற்காக ஊரையும் உறவையும் விட்டுக் கடல் கடந்தவர்கள் அவர்கள்.

பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அமானிதத்தை ஒரு நாள் உரியவரிடம் ஒப்படைத்தே தீர வேண்டும். அந்நாள் வரும்வரை இறுகப் பற்றியிருந்துவிட்டு, வந்த அன்று கை நடுங்குவதைவிடச் சிறுகச் சிறுக ஒப்படைத்துப் பழகுவது பெற்றோருக்கும் இலகு, பிள்ளைக்கும் இலகு. நம் பிள்ளைகளுக்கு ருஷ்தையும், நமக்கு அவர்களின் பேச்சைப் பொறுமையுடன் கேட்கும் நெஞ்சத்தையும் வல்ல நாயன் அருள்வானாக! ஆமீன்.